மத்தியானம் மூன்று மணிக்கு ராத்திரி

போன சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குத் திண்டுக்கல்லில் ராத்திரி வந்தது.

பயப்படாதீர்கள், ஊர் முழுக்க வரவில்லை. நாகல் நகரில் குதிரை வண்டிகள் வழக்கம்போல வெயிலில்தான் நின்றன. குதிரைகள் வழக்கம்போல ஓட மறுத்தன. மலைக்கோட்டைப் பாறை தோசைக்கல் மாதிரிக் காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் நாடகக் கொட்டகைக்குள் மட்டும் கும்மிருட்டு. உள்ளே ஒரு நானூறு பெண்கள் இருப்பார்கள். மடியில் பிள்ளைகள், கையில் பனையோலை விசிறி. மேடையில் புடைவை கட்டிக்கொண்டு ஒரு கம்பவுண்டர். மேடைக்குப் பின்னால், ஒட்டுத் தாடியோடு, நான்.

இந்த ராத்திரியைக் கொண்டுவந்தவர் காதர் மைதீன்.

காதருக்கு நாகல் நகரில் எலெக்ட்ரிக் கடை. ரேடியோ ரிப்பேர், ஃபேன் ரிப்பேர், கல்யாண வீட்டுக்குக் கலர் பல்பு. குடும்பத்தில் அத்தனை பேரும் தோல் வியாபாரம். இவர் மட்டும் தோலை விட்டுவிட்டு வயரைப் பிடித்தார். "தோலு ஷாக் அடிக்காதுடா" என்று அவரைப் பெற்ற அத்தா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம். கேட்கவில்லை.

அவர் என்னை மாமா என்பார். நான் அவரை மாப்ளே என்பேன். எங்கள் பக்கத்தில் இதெல்லாம் சகஜம். ரத்தத்தில் வந்த முறை இல்லை, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்ததில் வந்த முறை. அந்த முறைப்படி அவருடைய மனைவி ராபியா எனக்குத் தங்கை ஆகிறது. வாய் நிறைய "அண்ணே" என்றுதான் கூப்பிடும். அந்தத் தங்கை இந்த அண்ணனுக்குச் செய்ததைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன்னால் நாடகம்.

எங்கள் ஊரில் ஆறேழு பேர் சேர்ந்து ஒரு சபா நடத்துகிறோம். பகலெல்லாம் அவரவர் பிழைப்பு... நான் புகையிலைக் கம்பெனியில் குமாஸ்தா. சாயங்காலமானால் ராஜா, மந்திரி, மாமனார். ஆறு மாதத்துக்கு முன்னால் நான் ஒரு நாடகம் எழுதினேன். பெயரைச் சொல்ல மாட்டேன். வாராவாரம் எழுதுகிற பத்தியில் விளம்பரமா என்று ஆசிரியர் வெட்டிவிடுவார்.

கதை இவ்வளவுதான். கல்யாணமான நாலாம் மாதம் ஒருவன் மலாயாவுக்குப் போகிறான். ஏழு வருஷம் கழித்து ஒரு விடியற்காலையில் திரும்பி வருகிறான். முந்தின நாள் சாயங்காலம் நாடகம் தொடங்குகிறது, அந்த விடியலில் முடிகிறது. மூன்றே காட்சி. முதல் இரண்டில் மனைவி மட்டும்தான். கடைசிக் காட்சியில் கணவன் வாசலில் வந்து நிற்கிறான். ஏன் வரவில்லை, ஏன் காகிதம் போடவில்லை என்று பேசுகிறான். முழுசாக இரண்டு பக்கம். எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது.

கணவன் வேஷம் யாருக்கு? எழுதியவனுக்குத்தான். பின்னே?

மனைவி வேஷம் சேசுராஜுக்கு. ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். மீசையை எடுத்துவிட்டால் ஊரிலேயே லட்சணமான முகம். ஆனால் மீசையை எடுக்க ஒவ்வொரு தடவையும் நாங்கள் அவர் காலில் விழ வேண்டும்.

விளக்குக்கு ஆள் வேண்டுமே என்று காதரிடம் போனேன். நான் நினைத்தது என்ன? மேடைக்கு மேலே நாலு குண்டு பல்பு. முடிந்தது. காதர், "நாடகத்தைக் குடுத்துட்டுப் போங்க, படிச்சிட்டு வாரேன்" என்றார்.

லைட் போடுகிறவர் எதற்கு நாடகம் படிக்க வேண்டும்?

மூன்றாம் நாள் வந்தார். வசனம் எப்படி என்று கேட்கப் போகிறார் என்று சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தேன். அவர் வசனத்தின் பக்கமே போகவில்லை.

"மாமா, இந்தப் பிள்ளை சோகமா உக்காந்திருக்குன்னு எழுதிருக்கீங்க. எந்தப் பக்கத்துச் சன்னல்?"

"சன்னலா? சும்மா உட்கார்ந்திருக்கு, மாப்ளே."

"சும்மா எப்படி உக்காரும்? சாயங்காலம்னா வெளிச்சம் மேக்க இருந்துல்ல வரும். வாசல் எந்தத் திக்கு? அடுப்பங்கரை எங்க? விளக்கு ஏத்துறதுக்கு முந்தி சோகமா, ஏத்துன பொறகு சோகமா?"

நான் இருபது வருஷமாக எழுதுகிறேன். என் வீடுகளுக்குத் திக்கே கிடையாது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஒரு நாள் அதிகாலையில் என் வீட்டுக் கதவைத் தட்டினார். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறிக்கொண்டு ஓடிவந்தேன். "கிளம்புங்க, விடியப் போகுது" என்றார். சைக்கிள் பின்னால் உட்கார வைத்துச் சின்னாளப்பட்டி ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மைல் கல்லில் உட்கார வைத்தார்.

"பாருங்க. நீங்க எழுதிருக்கீங்க, பொன் மயமான விடியல்னு. பொன்னா வருது? மொத நீலம்... அப்புறம் சாம்பல்... பொறகு பால்ல மஞ்சத்தூள் விட்ட மாதிரி. பொன்னெல்லாம் கடைசியில செத்த நேரந்தான். அதுக்குள்ள நாம எந்திரிச்சுப் பல்லு விளக்கப் போயிருவோம்."

உண்மைதான். நான் பார்த்த விடியல்கள் எல்லாம் அதுவரை புஸ்தகத்தில் பார்த்தவை.

ஆக, அவருக்கு மூன்று கலர் வேண்டும். விளக்கு முன்னால் மாட்டுகிற கலர்த் தாள் மதராஸிலிருந்து வரவேண்டும், வந்தால் சூட்டில் சுருண்டுவிடும். காதர் யோசித்தார். சேசுராஜிடம் சொல்லி, ஆஸ்பத்திரியில் வேண்டாமென்று ஒதுக்கிய எக்ஸ்ரே ஃபிலிம்களை வாங்கினார். சோடா உப்பில் ஊறப்போட்டுக் கழுவினார். கழுவினால் கண்ணாடி மாதிரி ஆகிவிடுமாம். அதைச் சின்னாளப்பட்டிக்கு எடுத்துப்போனார். சுங்குடிப் புடைவைக்குச் சாயம் போடுகிறவரிடம் கொடுத்து நீலத்தில் கொஞ்சம், மஞ்சளில் கொஞ்சம், சிவப்பில் கொஞ்சம் முக்கி எடுத்து வந்தார். பிஸ்கட் டின்னை வெட்டி விளக்குக் கூண்டு. அதன் வாயில் இந்த ஃபிலிம்.

விளக்கு சட்டென்று எரியாமல் மெல்ல மெல்ல ஏறவேண்டுமே, அதற்கு? ஊறுகாய் ஜாடி. ஜாடி நிறைய உப்புத் தண்ணீர், உள்ளே இரண்டு ஈயத் தகடு. மேல் தகட்டைக் கயிற்றில் கட்டி இறக்கினால் வெளிச்சம் ஏறும், தூக்கினால் மங்கும். தண்ணீரில் விரலை வைத்தால் ஆளே மங்கிவிடுவோம். ஜாடிமேல் சிவப்பு மையில் "தொடாதே" என்று எழுதி ஒட்டியிருந்தார். சேசுராஜ் அதன் கீழே, "தொட்டால் ஆஸ்பத்திரியில் நான் இருக்க மாட்டேன், இங்கே மேடையில் இருப்பேன்" என்று எழுதிவைத்தார்.

முதல் ஷோ ராத்திரி. இரண்டாம் காட்சியில் சேசுராஜ் கூடத்தில் தனியாக நிற்கிறார். வெள்ளைப் புடைவை. காதர் ஜாடியில் கயிற்றை இறக்குகிறார். நிலா வெளிச்சம் மெல்லப் பரவுகிறது... கூடவே புடைவைமேல் ஒரு விலா எலும்புக் கூடும் பரவுகிறது. ஃபிலிம் ஒன்று சரியாகக் கழுவப்படவில்லை.

முன் பெஞ்சில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "அந்தம்மாவுக்குக் காசம் போலருக்கே" என்றார். மேடை வரைக்கும் கேட்டது. அதைவிட மோசம், ஷோ முடிந்து ஒரு தமிழ் வாத்தியார் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "பிரிவுத் துயரில் எலும்பு தேய்வதைக் காட்டினீர்களே... என்ன குறியீடு" என்றார். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். வேறென்ன செய்ய?

மூன்று ஷோ நடந்தது. மூன்றும் ராத்திரி. மூன்றிலும் கொட்டகை நிறைய ஆண்கள்தான். பொழுது சாய்ந்தபிறகு நாடகத்துக்குப் பெண்களை யார் அனுப்புகிறார்கள்?

ஒரு சாயங்காலம் காதர் வீட்டுக்குப் போயிருந்தேன். விடியலில் நீலத்தை இன்னும் இரண்டு விரற்கடை குறைக்கலாமா என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கதவுக்குப் பின்னாலிருந்து ராபியா குரல் கொடுத்தது.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா? ஆறு மாசமா இந்த வீட்டுல லைட்டைப் பத்தித்தான் பேச்சு. சோறு வைக்கையிலயும் லைட்டு, படுக்கையிலயும் லைட்டு. ஊர்ல எல்லாரும் பாத்துட்டாங்களாம். நான் இதுவரைக்கும் பாத்தது மீட்டர் ஓடுறது ஒண்ணைத்தான்."

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னது. ஆனால் காதர் டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

பிறகு, "மாமா, ஒரு பகல் ஷோ போடுவோம். பொம்பளைகளுக்கு மட்டும்" என்றார்.

"பகலிலா? அந்தத் தகரக் கொட்டகையிலா? மாப்ளே, கூரையில் எத்தனை ஓட்டை என்று தெரியுமா?"

"தெரியாது. எண்ணிருவோம்."

எண்ண முடியவில்லை. மறுநாள் கதவைச் சாத்திக்கொண்டு கொட்டகைக்குள் நின்று மேலே பார்த்தோம். கூரை முழுக்க நட்சத்திரம். ஆணி அடித்த ஓட்டை, துருப்பிடித்த ஓட்டை, குரங்கு குதித்த ஓட்டை. காதர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ஒரு எதிரியைப் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்தார்.

"வெளிச்சம் போடறது அப்புறம் மாமா. மொத இருட்டுப் போடணும்."

நாலு நாள் இருட்டுப் போட்டார். எங்கள் கம்பெனி கோடவுனில் கிழிந்த கோணிச் சாக்குகளாகக் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். தார் டின்னோடு கூரைமேல் ஏறினார். நான் கீழே நின்று, கம்பை நீட்டி, "இதோ ஒன்று... அதோ ஒன்று" என்று ஓட்டைகளைக் காட்டிக்கொண்டிருந்தேன். வாசலுக்கு மூன்று அடுக்குக் கோணித் திரை. மேற்குச் சுவரின் உச்சியில் காற்றுக்காக விட்ட ஒரு சதுர சன்னல். அதை வெளிப்பக்கமிருந்து கோணி வைத்து ஆணி அடித்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் உள்ளே போய்க் கதவைச் சாத்தினோம். என் கை எனக்குத் தெரியவில்லை.

"எப்படி இருக்கு?" என்றார் இருட்டில்.

"என்ன சொல்வது மாப்ளே... ஒன்றுமே இல்லை."

"அதான் வேணும்" என்றார். குரலில் அவ்வளவு பெருமை.

சனிக்கிழமை வந்ததே பாருங்கள் கூட்டம்!

இரண்டு மணிக்கே வாசலில் குதிரை வண்டி வரிசை. நத்தத்திலிருந்து ஒரு மாட்டு வண்டி நிறைய வந்து இறங்கினார்கள். சேசுராஜின் மனைவி தேவாலயத்துப் பெண்களை ஒரு படையாகத் திரட்டிக்கொண்டு வந்தார். இடது பக்கம் கோஷாப் பெண்களுக்குத் திரை கட்டியிருந்தோம். வெள்ளைத் துப்பட்டிகளாக அந்தப் பக்கம் நிறைந்தது. அதில் முதல் வரிசை ஓரத்தில் ராபியா. என் மனைவியும் அக்கம்பக்கத்து நாலு பேரோடு வந்திருந்தாள். முறுக்கு, கடலை, குழந்தை அழுகை, "ஏ அக்கா, இங்கிட்டு வா, இடம் போட்டிருக்கேன்"... எங்கள் ராத்திரி ஷோக்களில் ஆண்கள் இருமத்தான் செய்வார்கள். இது திருவிழா.

ஆண் என்று கொட்டகையில் இருந்தது நாங்கள் மூன்று பேர்தான். மேடையில் சேசுராஜ், பக்கவாட்டில் ஜாடிகளோடு காதர், பின்னால் நான்.

மூன்று மணிக்குக் கதவைச் சாத்தினார்கள். ராத்திரி வந்தது. சட்டென்று பேச்சு நின்றது. காதர் கயிற்றை இறக்கினார். மேடையில் மேற்கேயிருந்து ஒரு சாயங்காலம் மெல்ல நுழைந்தது. தரையில் சன்னல் கம்பிகளின் நிழல் விழுந்தது. சேசுராஜ் குனிந்து முற்றம் தெளித்தார்.

"ஆத்தாடி... பொழுது சாயுதுடி" என்றது ஒரு குரல்.

நான் திரை இடுக்கு வழியாகக் காதரைப் பார்த்தேன். அவர் மேடையைப் பார்க்கவில்லை. கயிற்றைப் பிடித்தபடி, இடது பக்கத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கூட்டம் நாடகம் பார்த்த அழகே தனி. சேசுராஜ் விளக்கு ஏற்றினால் நாலு பேர் கும்பிட்டார்கள். மலாயாக் காகிதம் வரவில்லை என்று நான் தபால்காரர் குரலில் மறைவிலிருந்து சொன்னபோது, "அவன் வர மாட்டான் தாயி, நீ சாப்பிட்டுப் படு" என்று ஒரு அம்மாள் மேடைக்கே ஆலோசனை சொன்னார். இரண்டாம் காட்சி, நிலா. எலும்பில்லாத, சுத்தமான நிலா. சேசுராஜ் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். காதர் கயிற்றை மேலே தூக்க, நிலா மங்கி, இருட்டு வந்தது. இனி மூன்றாம் காட்சி, விடியல். பிறகு நான்.

தாடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

விடியவில்லை.

"மாப்ளே..." என்றேன் மெதுவாக.

"கயித்தை இறக்கிட்டேன் மாமா. ஜாடியில ஒண்ணுமே வரல." ஒரு கணம் கழித்து, "கரண்ட் போயிருச்சு" என்றார்.

வேடிக்கை என்னவென்றால், கொட்டகையில் யாருக்கும் அது தெரியவில்லை. "எம்புட்டு இருட்டு பாத்தியா, நிச ராத்திரி மாதிரியே" என்று பாராட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு நிமிஷம் போனது. இரண்டு நிமிஷம். ஒரு குழந்தை வீரிட்டது. இன்னொன்று சேர்ந்துகொண்டது. "என்னடி இது?" என்று யாரோ எழுந்தார்கள். பெஞ்சு ஒன்று சாய்ந்து விழுந்தது. "கதவு எங்க? கதவு எங்கிட்டு இருக்கு?"

ஒரே வாசல். அதன்மேல் மூன்று அடுக்குக் கோணி. இருட்டில் நானூறு பேர் ஒரே சமயத்தில் அந்தப் பக்கம் ஓடினால் என்ன ஆகும்? யாராவது பதறிப்போய் ஒரு தீக்குச்சியைக் கிழித்தால்? சுற்றிலும் சாக்கு, மேலே தார். நாலு நாள் பாடுபட்டு நாங்கள் என்னத்தைக் கட்டியிருக்கிறோம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பேச வாயைத் திறந்தேன். ஊரில் பேச்சுக்குப் பேர் வாங்கியவன் நான்... ஒரு வார்த்தை வரவில்லை.

அப்போது இடது பக்கமிருந்து ஒரு குரல். உரக்க இல்லை. வீட்டில் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரல்.

"யாரும் எந்திரிக்காதீங்க. கரண்டுதான் போயிருக்கு, வேற ஒண்ணுமில்ல. தீக்குச்சி மட்டும் யாரும் கிழிச்சிராதீங்க, சுத்திலும் கோணியா இருக்கு. அவங்கவங்க பிள்ளைய மடியில பிடிச்சுக்கங்க. நாடகத்துல இப்ப ராத்திரிதான். இன்னுஞ் செத்த நேரத்துல விடிஞ்சிரும்."

"நீ யாரும்மா?" என்றது இருட்டு.

"லைட்டுக்காரர் வீட்டுல."

அவ்வளவுதான். எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். லைட்டுக்காரர் மனைவியே விடியும் என்கிறாள், அப்புறம் என்ன?

லைட்டுக்காரர் அதற்குள் மேடைப் பின்கதவு வழியாக வெளியே ஓடியிருந்தார். மேற்குச் சுவரில் ஏணி சாய்கிற சத்தம் கேட்டது. ஆணி பிடுங்குகிற சத்தம். சுவரின் உச்சியில் ஒரு கீற்று வந்தது, அப்புறம் கையகலம், அப்புறம் சன்னல் அளவு. நாலரை மணி வெயில் சாய்வாக உள்ளே விழுந்தது. ஆனால் விழுந்த இடம் கொட்டகை நடுவே, நடைபாதையில். மேடை எங்கேயோ கிழக்கே இருட்டில் கிடந்தது.

சன்னலில் காதர் தலை தெரிந்தது. "மாமா, மேக்கப் கண்ணாடி. தூக்கிட்டு வந்து வெயில்ல காட்டுங்க."

சலூனில் இரவல் வாங்கிய பெரிய கண்ணாடி அது. சேசுராஜின் மார்பு உயரம் இருக்கும். கட்டிப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, தாடியோடும் மலாயாத் தொப்பியோடும் நடைபாதையில் இறங்கினேன். வெயில் விழுந்த இடத்தில் வந்து நின்றபிறகுதான் யோசனை வந்தது. கண்ணாடியை நான் பிடித்தால் மேடைக்கு யார் போவது?

"அண்ணே, இங்க குடுங்க."

துப்பட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு ராபியா நின்றது. நான் சன்னலை நிமிர்ந்து பார்த்தேன். காதரும் பார்த்தார். யோசிக்க நேரமில்லை. தேவாலயத்துப் பெண்கள் இரண்டு பேர் ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். ராபியா அதன்மேல் ஏறி, கண்ணாடியைக் கையில் வாங்கி, வெயிலில் சாய்த்தது.

கூரையில் ஒரு வெளிச்சக் கட்டம் ஓடியது. சுவரில் இறங்கியது. மேடை ஓரத்தைத் தொட்டது.

"இன்னும் கொஞ்சம் கீழ..." என்றார் காதர் மேலேயிருந்து.

"எனக்குத் தெரியும். நீங்க தலைய எடுங்க, உங்க தலை நிழல் விழுது."

நானூறு பெண்களும் சிரித்தார்கள். ஒரு கொட்டகையே குலுங்கிச் சிரிப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். காதர் தலையை எடுத்தார்.

ராபியாவுக்கு எப்படித் தெரியும்? பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு ஷோவுக்கும் முன்னால் காதர் வீட்டில் ஒத்திகை பார்ப்பாராம். ஒரு செருப்புப் பெட்டிதான் மேடை. டார்ச் லைட்தான் சூரியன். ஒரு நூல்கண்டு மனைவி, ஒரு பழைய பாட்டரிக் கட்டை கணவன். அவர் டார்ச்சைப் பிடிக்க, இந்தப் பொண்ணு நூல்கண்டை நகர்த்திக்கொண்டே என் வசனத்தைப் படிக்குமாம். ஆறு மாதமாக. எனக்கு மறந்த வரிகூட அதற்கு மனப்பாடம்.

காதர் வெளியே கோணியைக் கொஞ்சம் தொங்கவிட்டு, மெல்ல மெல்ல விலக்கினார். விடியல் ஏறியது. நீலமில்லை, சாம்பலில்லை, இருந்ததெல்லாம் நல்ல மாலை வெயில் மட்டும்தான். ஆனால் அவர் கையில் கோணி, அவள் கையில் கண்ணாடி. அந்த வெயில் அவ்வளவு நிதானமாக, தூங்குகிறவளை எழுப்பக் கூசுகிற மாதிரி, தூணில் சாய்ந்திருந்த சேசுராஜின் காலைத் தொட்டு, கையைத் தொட்டு, முகத்துக்கு வந்தது.

நான் மேடை ஏறி, அங்கிருந்த வாசல் பக்கம் வந்து நின்றேன். கதவைத் தட்டினேன். மூச்சை இழுத்துக்கொண்டு என் இரண்டு பக்கத்தைத் தொடங்கினேன்.

இப்போது வெளிச்சம் என்மேல் வர வேண்டும். காதரின் திட்டத்தில் அப்படித்தான்.

வரவில்லை.

சரி, பிசகிவிட்டது போல, இதோ வரும் என்று பேசிக்கொண்டே போனேன். முதல் பக்கம் முடிந்தது. வரவில்லை. ஓரடி முன்னால் வந்து பார்த்தேன். வெளிச்சம் ஓரங்குலம் அந்தப் பக்கம் நகர்ந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. கை தவறவில்லை. கண்ணாடி வெளிச்சம் சேசுராஜ் முகத்தை விட்டு விலகவே இல்லை.

அந்த ஆளுக்கு அந்த இடத்தில் வசனமே கிடையாது. நான் எழுதவில்லை. மூன்று ஷோவிலும் என் பேச்சு முடிகிறவரை சும்மா இருப்பார். இப்போது நானூறு பேர் கண்ணும் அவர் முகத்தில். சும்மா இருக்க முடியுமா? இருட்டிலிருந்து ஒரு குரல் ஏழு வருஷத்துக்குக் காரணம் சொல்லிக்கொண்டே இருக்க, அவர் கேட்டுக்கொண்டிருந்தார். முதலில் சந்தோஷம் வந்தது முகத்தில். அது நின்றது. பிறகு உதடு லேசாகத் துடித்தது. "கப்பல் கிடைக்கவில்லை" என்று நான் சொன்னபோது ஒரு சின்னச் சிரிப்பு... அந்தச் சிரிப்பில் கொட்டகையே பெருமூச்சு விட்டது. கண்ணில் நீர் திரண்டு, வெயிலில் பளிச்சென்று, கீழே விழாமல் நின்றது.

முன் வரிசையில் ஒரு கிழவி அழுதுகொண்டே, இருட்டைப் பார்த்துச் சொன்னாள்: "போதும் அப்பு, பேசாத. அதைச் செத்த நேரம் அழவிடு."

என்னைத்தான். நான் நிறுத்திவிட்டேன். இன்னும் அரைப் பக்கம் பாக்கி இருந்தது.

சேசுராஜ் எழுந்து, மெதுவாக நடந்து, கதவை அகலத் திறந்தார். அவ்வளவுதான் நாடகம். காதர் கோணியை முழுசாகக் கிழித்தெறிந்தார், வெயில் கொட்டகை முழுக்கப் பாய்ந்தது. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். கைதட்டு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது.

கூட்டம் கலைந்தபிறகு காதர் உள்ளே வந்தார். சட்டையெல்லாம் தார். கையில் ஆணி கீறியிருந்தது. நேராக மனைவியிடம் போனார்.

"ஏன் மாமா மேல வெளிச்சம் போடல நீ?"

ராபியா கண்ணாடியைத் துப்பட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தது. நிமிரவில்லை.

"ஏழு வருசமா அவரு எங்க இருந்தாருன்னு அந்தப் பிள்ளைக்குத் தெரியல. இன்னுங் கொஞ்ச நேரம் இவரு இருட்டுல நின்னா என்ன?"

பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணே, கோவிச்சுக்காதீங்க" என்றது.

காதர் நடந்து போய் மேடையைப் பார்த்தார், திரும்பி வந்தார். லைட்டுக் குறிப்பு எழுதுகிற நோட்டை எடுத்து, மூன்றாம் காட்சியில் என் பெயருக்கு நேரே இருந்ததை அடித்தார். நிதானமாக, ஸ்கேல் வைத்து.

"அது கெடக்கட்டும்," என்றார், பரீட்சை எழுதிவிட்டு வந்த பையன் மாதிரி. "மொத ரெண்டு காட்சி பாத்தியே. எப்படி இருந்துச்சு?"

ராபியா கொஞ்சம் யோசித்தது. "நிலா நல்லாருந்துச்சு. சாயங்காலந்தான் ரொம்பச் செவப்பு. நம்ம ஊர்ல அம்புட்டுச் செவப்பா எங்க சாயுது பொழுது?"

இதைக் கேட்டு அந்த மனிதருக்கு வந்த சந்தோஷத்தை நான் எப்படிச் சொல்வேன்? ஊரே பாராட்டியபோது தலையை மட்டும் ஆட்டியவர், இப்போது, "கொறச்சிரலாம், ஒரு முக்கு கம்மியாப் போடச் சொல்லலாம்" என்று அங்கேயே டின்னைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, ஃபிலிமை வெயிலில் தூக்கித் தூக்கிப் பார்த்து, நீ சொல்வது சிவப்பா நான் சொல்வது சிவப்பா என்று சண்டை. நானும் சேசுராஜும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, எங்களை யாரும் தேடவில்லை என்பது உறுதியானதும், கிளம்பிவிட்டோம்.

எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு நினைப்பு உண்டு. நாம் பேசுகிறோம், ஜனங்கள் கேட்கிறார்கள் என்று. ஜனங்கள் எங்கே பார்க்கிறார்களோ அங்கேதான் கேட்கிறார்கள். யாரைப் பார்க்க வேண்டும் என்பதை ஒருவர் ஓரத்தில் நின்று முடிவு செய்கிறார். பேசுகிறவன் முகம் ஒரு கதை சொல்லும், கேட்கிறவள் முகம் வேறொரு கதை சொல்லும். நான் எழுதியது ஒரு புருஷனின் கதை. போன சனிக்கிழமை நடந்தது ஒரு பெண்ணின் கதை. நான் பேசிய வரைக்கும் வசனத்தில் ஒரு எழுத்து மாறவில்லை.

நத்தத்தில் அடுத்த வாரம் போட வேண்டுமாம். மாட்டு வண்டியில் வந்த பெண்கள் ஊருக்குப் போய்ச் சொல்லி, ஆள் அனுப்பியிருக்கிறார்கள். பகல் ஷோதான் வேண்டும், கண்ணாடி பிடித்த அம்மா கட்டாயம் வரவேண்டும். வந்த ஆள் இரண்டு தடவை சொன்னார். நாடகம் எழுதியவர் வரவேண்டுமா என்று நான் கேட்டேன். "அது உங்க சௌகரியம்" என்றார். நேற்று காதரும் ராபியாவும் பஸ் ஏறிப் போய், அங்கே எந்தச் சுவரில் சன்னல் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தார்கள். நான் இரண்டு பக்க வசனத்தை ஆறு வரியாக வெட்டிவிட்டேன். வெட்டும்போது வலித்தது. படித்துப் பார்த்தால்... நன்றாகத்தான் இருக்கிறது.

அன்றைக்கு வீட்டில் சோறு போடும்போது என் மனைவி நாடகத்தைப் பற்றியே பேசினாள். சேசுராஜ் அழுத அழகு, யாரோ ஒரு தாடிக்காரர் கண்ணாடி தூக்கி வந்தது, ராபியா பெஞ்சில் ஏறிய தைரியம், கிழவி போட்ட அதட்டல், எல்லாம் சொன்னாள். நான் காத்திருந்தேன். கடைசியில் என்னைப் பார்த்து, ரொம்ப அக்கறையாக, "ஆமா, நீங்களும் நடிக்கிறதாச் சொன்னீங்களே. என்ன, உடம்புக்கு முடியலையா?" என்றாள்.

மோர் ஊற்றச் சொன்னேன்.